ராணி ராம்பால் 29 வயதில் ஓய்வு பெற்றது சீக்கிரமா?

நீங்கள் கேட்டது இரண்டு. இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முன்னாள் தலைவி ராணி ராம்பால் 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை. நாட்டுக்காக ஆடும் ஒரு ஹாக்கி வீராங்கனைக்கு அவ்வளவுதான் காலமா என்பது ஒன்று. பள்ளி அணியில் ஃபார்வர்டாக, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசையில், ஆடும் உங்கள் அக்கா மகளை 13 வயதிலேயே சீனியர் பெண்களோடு ஆட வைக்கிறார் பயிற்சியாளர், விடலாமா என்பது இன்னொன்று. சேர்த்துப் படித்தால் கவலை ஒன்றுதான் என்று படுகிறது: சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் இறங்க வேண்டி வருமா? ஹாக்கிப் பயிற்சியிலும், காயம்பட்டவர்களைத் திரும்ப மைதானத்துக்குக் கொண்டுவரும் வேலையிலும் பல வருடங்களாக இருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ராணியின் ஆட்ட வாழ்க்கையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கேள்வியின் எல்லா முகங்களும் அதில் இருக்கின்றன.

29 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். ராணி பிறந்தது 1994 டிசம்பரில். சீனியர் அணிக்குள் வந்தது 14 வயதில். 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஆடியதற்குப் பிறகு அணிக்குத் திரும்ப முடியவில்லை. ஆக, களத்தில் சுமார் 14 ஆண்டுகள், 250-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். இதை மற்றவர்களோடு வைத்துப் பாருங்கள். உலகின் தலைசிறந்த வீராங்கனை என்று எட்டு முறை தேர்வான அர்ஜென்டினாவின் லூசியானா அய்மார் 1998 முதல் 2014 வரை ஆடினார். 37 வயதில் நிறுத்தினார். ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிரிட்டன் அணியின் தலைவி கேட் ரிச்சர்ட்சன் வால்ஷ் 1999-இல் 19 வயதில் வந்து 2016-இல் விடைபெற்றார். ராணியோடு சேர்ந்து ஆடிய வந்தனா கட்டாரியா 2009-இல் தொடங்கி, 320 ஆட்டங்கள் ஆடி, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அப்போது வயது 32. விடைபெற்ற வயதுகள் 29, 32, 36, 37 என்று சிதறிக் கிடக்கின்றன. ஆடிய வருடங்களோ 14-க்கும் 17-க்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன. அய்மார் 20 வயதில் தொடங்கினார், ராணி 14-இல். இருவருக்கும் உடம்பு கொடுத்த வருடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை வைத்து ஒரு விதி எழுதிவிட முடியாது. நான்கு பேரை வைத்துப் புள்ளிவிவரம் சொல்ல முடியாது. அதுவும் நான்கு பேருமே பெரிய அளவில் நீடித்தவர்கள். 18 வயதில் முழங்கால் தசைநார் அறுந்து ஒதுங்கியவர்கள், 22-இல் கல்யாணம் ஆகி நிறுத்தியவர்கள், மூன்று கேம்ப்பில் இருந்தும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஒரு ஆட்டக்காரியின் காலத்தைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், முழுச்சுமையோடு ஆடத் தொடங்கிய தேதியிலிருந்து எண்ணினால் பல விஷயங்கள் புரியும். அப்படி எண்ணினால் ராணியின் ஆட்ட வாழ்க்கை குறுகியதே அல்ல.

14 வயதுப் பெண் எப்படி சீனியர் அணியில் ஆட முடிந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹரியானாவின் ஷாஹாபாத் மார்க்கண்டா என்ற சிறு ஊர், இந்தியப் பெண்கள் ஹாக்கிக்கு ஒரு நாற்றங்கால் மாதிரி. அங்கே பல்தேவ் சிங் என்ற பயிற்சியாளரிடம் ராணி சேர்ந்தார். அப்பா வண்டி இழுத்துப் பிழைத்தவர். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தினம் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வீட்டால் 200 மில்லிதான் முடிந்தது, மீதிக்குத் தண்ணீர் கலந்து கொண்டுபோவேன் என்று ராணியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நெகிழ்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியாளர் பாலை ஏன் கட்டாயமாக்கினார் என்பதைக் கவனியுங்கள். தினமும் பல மணி நேரம் ஓடும், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாடு போதாமல் போனால் முதலில் அடிபடுவது எலும்பும் ரத்தமும்தான். மைதானத்தில் அது உடனே தெரியாது. நான்கைந்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

2009-இல் ரஷ்யாவின் கசானில் நடந்த சாம்பியன்ஸ் சேலஞ்ச் போட்டியில் ராணி கோல்களைக் குவித்தார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் உலகக் கோப்பை. 15 வயது, இந்திய அணியிலேயே மிக இளையவர். 7 கோல் அடித்து, சிறந்த இளம் வீராங்கனை விருதும் வாங்கினார். ஃபார்வர்டாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. தற்காப்பில் நிற்கிறவர் எதிரணியின் ஐந்தாறு விதமான நகர்வுகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தப்பு நடந்தால் கோல். அந்தப் படிப்பு வர வருடங்கள் பிடிக்கும். கோல்கீப்பருக்கு இன்னும் தாமதம். சவிதா 34 வயதில் தன் 300-ஆவது ஆட்டத்தை எட்டினார். ஃபார்வர்டுக்கோ டி எனப்படும், கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் பத்து வாய்ப்பில் எட்டு வீணானாலும் பரவாயில்லை, மீதி இரண்டு போதும். வேகமும் துணிச்சலும் உள்ள சிறு பெண்ணை முதலில் இறக்கக்கூடிய இடம் அதுதான். உங்கள் பிள்ளையைப் பயிற்சியாளர் பெரியவர்களோடு நிறுத்துவதற்கும் அநேகமாக இதுவே காரணம்.

ஆனால் அந்த இடத்தின் வேலை வெளியிலிருந்து பார்ப்பதைவிடக் கடினம். கோலிலிருந்து 14.63 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் அந்த அரைவட்டத்துக்குள் மட்டையில் பட்டால்தான் கோல் செல்லும். கால்பந்தில்போல் உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தை மறைக்க முடியாது. மறைத்தால் தடுப்பாட்டக் குற்றம். மட்டையின் உருண்ட பின்பக்கத்தால் ஆடக் கூடாது, இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது. அதனால் பந்தை வாங்கும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்க வேண்டும்; முதல் தொடுதலில் பந்து காலடியில் செத்துக் கிடக்காமல் ஒரு எட்டு தள்ளி, அடிக்கிற இடத்துக்குப் போயிருக்க வேண்டும். இடது பக்கம் போனால் மட்டையைத் திருப்பி விளிம்பால் ரிவர்ஸ் ஹிட். இடம் இல்லை என்றால் எதிரியின் காலைத் தேடிப் பந்தை மெல்லத் தள்ள வேண்டும். டி-க்குள் தற்காப்பு வீராங்கனையின் காலில் பட்டால் பெனால்டி கார்னர், அதாவது கோல்கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை டி-யின் விளிம்பில் நிறுத்திக் கோலை நோக்கி அடிக்கும் வாய்ப்பு. நல்ல ஃபார்வர்டு ஒரு ஆட்டத்தில் அடிக்கிற கோலைவிட வாங்கித் தருகிற கார்னர்களே சில நாள் முக்கியம். இதெல்லாம் முழங்கால் மடங்கி, இடுப்பு குனிந்து, தலை மட்டும் நிமிர்ந்திருக்கும் நிலையில் நடக்க வேண்டும். உடம்புக்கு வரும் தொல்லை அந்தக் குனிவில்தான் தொடங்குகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ராணியின் காலத்தை நீட்டியது, என் கணிப்பில், அவர் நடுவில் தன் வேலையை மாற்றிக்கொண்டது. 2013-இல் மோன்சென்கிளாட்பாக்கில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை ஷூட் அவுட்டில் வென்று இந்தியா வெண்கலம் வாங்கியபோது, தொடரின் சிறந்த வீராங்கனை அவர்தான். அப்போதும் அவர் முழுக்கக் கோல் அடிக்கிறவர். 2016-இல் ரியோ ஒலிம்பிக். பெண்கள் அணி அதற்கு முன் ஒலிம்பிக் ஆடியது 1980 மாஸ்கோவில்; நம்ம ஊர் பாஸ்கரன் தலைமையில் ஆண்கள் அணி தங்கம் வாங்கிய அதே மாஸ்கோ. 36 ஆண்டுகள் கழித்துப் போன அணி 12 அணிகளில் கடைசியாக வந்தது. அதன் பிறகு தலைமை ஏற்ற ராணி, முன்வரிசையிலிருந்து ஓரடி பின்னால் வந்து, நடுக்களத்திலிருந்து பந்தை வாங்கி மற்ற ஃபார்வர்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவராக அதிகம் ஆடத் தொடங்கினார். இப்படி ஆடும்போது நேர்கோட்டில் முழு வேகத்தில் ஓடும் ஓட்டங்கள் குறையும், திரும்பிப் பார்த்து முடிவெடுக்கும் தருணங்கள் கூடும். வேகம் 23 வயதுக்குப் பிறகு பெரிதாக ஏறாது. பார்வை கூடிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தைச் செய்ய மறுத்து, 26 வயதிலும் 18 வயதுபோல ஓடப் பார்ப்பவர்கள் காயத்தோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பார்வையின் பலனை ஒரு ஆட்டத்தில் பார்க்கலாம். 2019 நவம்பர், புவனேஸ்வர் கலிங்கா மைதானம், டோக்கியோவுக்கான தகுதி ஆட்டம், எதிரணி அமெரிக்கா. முதல் நாள் இந்தியா 5-1 என்று வென்றது. மறுநாள் அமெரிக்கா இடைவேளைக்குள்ளேயே 4 கோல் அடித்துவிட்டது. இரண்டு நாள் கூட்டுத்தொகை 5-5. இப்படி ஒரு சரிவில் அணி பதறி எல்லாரையும் முன்னால் அனுப்பினால் பின்னால் திறந்துவிடும். ஒரு கோல் போதும், எல்லாம் முடிந்தது. மூன்றாவது கால்பகுதியில் இந்தியா பதறாமல் பந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 48-ஆவது நிமிடத்தில் டி-க்குள் தெளிவாக விலக்கப்படாத ஒரு பந்து ராணியிடம் வந்தது. நிறுத்தி யோசிக்காமல் அடித்தார். 6-5. அந்த ஒரு அடியில்தான் இந்தியா டோக்கியோ போனது. டோக்கியோவில் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் என்று முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, பிறகு அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை குர்ஜித் கவுரின் பெனால்டி கார்னர் கோலால் 1-0 என்று வீழ்த்தி, நான்காம் இடம். ரியோவின் கடைசி இடத்திலிருந்து ஐந்தே வருடத்தில்.

இனி உடம்பு. ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், எடுக்கலாம். இந்த விதி ஃபார்வர்டுக்குச் சலுகை போலத் தெரியும். உண்மையில் சுமையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. நான்கு முதல் ஏழு நிமிடம் உச்ச வேகத்தில் ஓடு, வெளியே வந்து மூன்று நான்கு நிமிடம் உட்கார், திரும்பப் போ. ஓடும் மொத்தத் தூரம் பொதுவாக 5 முதல் 6 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் பெரும் பங்கு திடீர்ப் பாய்ச்சலும் திடீர் நிறுத்தமும். உட்கார்ந்து ஆறின தசையோடு முதல் பாய்ச்சலுக்குப் போகும்போதுதான் தொடைப் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், இழுக்கும். குனிந்த நிலையில் அந்தத் தசை இடுப்புப் பக்கம் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. அதோடு காலையும் நீட்டி ஓடினால் இரண்டு முனையிலும் இழுப்பு. இதிலும் இரண்டு வகை உண்டு. முழு வேகத்தில் ஓடும்போது சுரீர் என்று பிடிப்பது ஒன்று. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், சிறியதாக இருந்தால் சில வாரங்களில் ஆறும். மட்டையைத் தரையோடு நீட்டிப் பந்தை எட்டிப் பிடிக்கும்போது உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் மெல்ல வலிப்பது இன்னொன்று. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஆடிவிடுவார்கள், ஆனால் தசைநாணில் பட்டிருந்தால் மாதக்கணக்கில் படுத்தும். வலி குறைவு என்பதால் காயம் சின்னது என்று நினைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு.

டோக்கியோவுக்குப் பிறகு ராணியை உட்கார வைத்தது ஹாம்ஸ்ட்ரிங் காயம். 2022 உலகக் கோப்பைக்கும் காமன்வெல்த் போட்டிக்கும் அவர் இல்லை. ஒருமுறை இழுத்த ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி இழுக்கும் வாய்ப்பு, இழுக்காத தசையைவிட அதிகம். வயது கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும். இந்த இரண்டும் நன்றாக நிறுவப்பட்டவை. ஆனால், 14 வயதில் தொடங்கியதால்தான் 26-இல் காயம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தனி ஆளின் காயத்துக்கு 12 வருடத்துக்கு முந்தைய காரணத்தை வெளியிலிருந்து யாரும் காட்ட முடியாது. அவருடைய ஸ்கேனைப் பார்க்காத நானும் முடியாது. காயம் ஆறிய பிறகும் அணியில் இடம் கிடைக்காததற்குக் காரணம் உடல் தகுதியா, பயிற்சியாளரின் ஆட்டத்திட்டமா என்பதிலும் பல பேச்சு உண்டு. அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்லலாம்: 18 பேர் கொண்ட அணியில் நான்கைந்து ஃபார்வர்டுக்குத்தான் இடம், ஒருவர் எட்டு மாதம் வெளியே இருந்தால் அந்த இடத்தில் 20 வயதுப் பெண் ஒருத்தி பழகிவிடுவாள். திரும்பி வருகிறவர் முன்பு இருந்த அளவுக்கு இருந்தால் போதாது, அவளைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே இருக்க வேண்டும்.

சரி, உங்கள் அக்கா மகள். பெரியவர்களோடு ஆடுவது தப்பில்லை. திறமை உள்ள பிள்ளைக்கு அது நல்ல பள்ளிக்கூடம். அளவுதான் கேள்வி. நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு: வாரத்தில் பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்த மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயது என்றால் 13 மணி நேரம், அதில் பள்ளிப் பயிற்சி, மாலைப் பயிற்சி, ஞாயிறு டோர்னமெண்ட் எல்லாம் அடக்கம். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. வருடத்தில் மொத்தமாக இரண்டு மூன்று மாதம் ஹாக்கி இல்லாமல் நீச்சல், கபடி, எதுவாவது. பள்ளிக்கு ஒரு கோச், கிளப்புக்கு ஒரு கோச், மாவட்டத்துக்கு ஒரு கோச் என்று மூன்று பேர் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு உடைந்துபோகும். ஒவ்வொருவரும் தன் பங்கு குறைவு என்றே நினைப்பார். அதனால் ஒரு நோட்டில் நீங்கள் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து அதே நோட்டில் குறியுங்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால் வளர்ச்சி வேகமாக இருக்கும் காலம். எலும்பு நீளும், தசை பின்னால்தான் வந்து சேரும். அந்த மாதங்களில் வேக ஓட்டத்தையும், முதுகைத் திருக்கி, பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கையும் குறைத்து, பந்தை வாங்குவது, கொடுப்பது, பார்வை இவற்றில் நேரத்தைப் போடலாம். நஷ்டமே இல்லை.

ஹாம்ஸ்ட்ரிங்குக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, செலவே கிடையாது. முழங்கால் போட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், கீழே மடித்த துண்டு. இன்னொருவர் பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். முழங்காலிலிருந்து தலை வரை ஒரே பலகை போல வைத்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து நொடி எடுத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். இடுப்பு மடங்கினால் பயன் போய்விடும், எல்லாரும் செய்யும் தப்பு அது. முதல் வாரங்களில் 3 முதல் 5 தடவை, வாரம் இரு நாள். இரண்டு மூன்று மாதத்தில் 8 தடவை வீதம் இரண்டு செட் வரை ஏற்றலாம். முதல் வாரம் தொடை வலிக்கும், அது இயல்பு. ஆட்டத்துக்கு முந்தின நாள் செய்யக் கூடாது. கால்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வுகளில் இது ஹாம்ஸ்ட்ரிங் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருக்கிறது. பெண்கள் ஹாக்கியில் அந்த அளவு ஆய்வுகள் நடக்கவில்லை. ஓட்டத்தின் தன்மை ஒன்று என்பதால் பலன் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் காயம் அதிகம் என்று இணையத்தில் நிறைய அட்டவணைகள் சுற்றுகின்றன; அதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை, அதைப் பார்த்துப் பயிற்சியை மாற்றாதீர்கள். மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ அது வேறு விஷயம்: சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம், மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. அதோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்து இருப்பு காலியாக இருப்பது ஓடுகிற பெண்பிள்ளைகளிடம் சாதாரணம்.

மட்டை விஷயத்தில் வீடுகளில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: வளர்கிற பிள்ளை என்று பெரிய மட்டையாக வாங்கிவிடுகிறார்கள். நேராக நின்றால் மட்டையின் நுனி இடுப்பு எலும்பின் உயரத்துக்கு வந்தால் போதும். அதைவிட நீளமானால் பந்து உடம்பைவிட்டுத் தள்ளிப் போகும், கை விலகும், ரிவர்ஸ் பக்கம் மாட்டிக்கொள்ளும். குட்டையானால் முதுகு வளையும். மண் தரையில் பழகியவள் என்றால் டர்ஃப் என்ற செயற்கைப் புல்தரைக்கு ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். டர்ஃபில் பந்து தாழ்வாக, வேகமாக வரும், உடம்பு இன்னும் தாழ வேண்டும், தரை சறுக்கி விடாமல் பிடிக்கும். முழங்காலும் முன்காலும் பழக ஒரு மாதம் வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் கோவில்பட்டி போல டர்ஃப் உள்ள இடத்தில் வாரம் இரு நாளாவது ஆடப் பார்க்கலாம். கால்பந்து ஸ்டட்ஸ் வேண்டாம், சிறு ரப்பர்க் குமிழ்கள் உள்ள டர்ஃப் ஷூ. பெனால்டி கார்னரில் தற்காக்க ஓடும்போது முகக்கவசம் கட்டாயம். டிராக் ஃபிளிக் தலை உயரத்துக்கு வரலாம், பந்தின் எடை 156 கிராமுக்குக் குறையாது. சீனியர் பெண்கள் அடிக்கும் கார்னருக்கு எதிரே முதல் ஆளாக ஓட இப்போது அவளை அனுப்பக் கூடாது என்று பயிற்சியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பிழைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு வரும். இந்தியாவில் பெண்கள் ஹாக்கியைத் தாங்கி நிற்பது வேலைதான். ரயில்வே அதில் முதலிடம், பிறகு மாநிலக் காவல்துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. தேசிய அளவில், ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்துக்குள் போனவர்களுக்கு மாதாமாதம் கைச்செலவுத் தொகை உண்டு. ராணிக்கு 2020-இல் கேல் ரத்னாவும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2025 ஜனவரியில் பெண்களுக்கென்று ஹாக்கி இந்தியா லீக் முதன்முறையாக நான்கு அணிகளோடு நடந்தது. உதிதா 32 லட்சத்துக்கு எடுக்கப்பட்டதுதான் அதில் உச்சம். நல்ல தொடக்கம், ஆனால் அதை நம்பி ஒரு பெண் படிப்பை நிறுத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒலிம்பிக் என்பது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் வண்டி. 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த தகுதிப் போட்டியில் இந்தியா அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட் அவுட்டில் தோற்று, அடுத்து ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸ் வாய்ப்பை இழந்தது. அந்த அணியில் 23, 24 வயதில் உச்சத்தில் இருந்தவர்கள் உண்டு.

ஆகவே பயிற்சியாளரிடம் போய் மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் சீனியர்களோடு? இரண்டு நாள் என்றால் சரி, ஐந்து நாள் என்றால் அதிகம். சீனியர் ஆட்டத்தில் எத்தனை நிமிடம்? பாதி ஆட்டம் வரை போகலாம். எந்த இடத்தில்? எப்போதும் டி-க்குள்ளேயே நிறுத்தாமல் மாதத்தில் சில ஆட்டங்களாவது நடுக்களத்தில் ஆட வைக்கச் சொல்லுங்கள். ராணி 22 வயதுக்கு மேல் கற்றுக்கொண்டதை இவள் இப்போதே தொடங்கலாம். வீட்டில் நீங்கள் கவனிக்க ஒன்று உண்டு: பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேலே முதுகின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று அவள் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சொன்னால், தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். வளரும் வயதில் அது முதுகெலும்பில் ஒரு மெல்லிய விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் மூன்று நான்கு மாத ஓய்வில் பெரும்பாலும் கூடிவிடும், அதன் பிறகு முழுதாக ஆடலாம்.